மருதத்து மீன்: நன்னீர்ப் பிடிப்பும் உடைமை உறவுகளும்

திருகோணமலைப் பிரதேசத்தின் மீன்பிடி வரலாறு பெரும்பாலும் கடலின் வரலாறாகவே நோக்கப்படுகின்றது. நிலாவெளிக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில், கடலுக்கும் களப்புக்கும் இடையே அமைந்த இறக்கக்கண்டியைப் பற்றிப் பேசுவோர் தோணியையும் வலையையுமே குறிப்பிடுவர். உள்நிலத்துக் குளக்கட்டிலும் வாய்க்காற் கரையிலும் தூண்டில், கரப்பு, அத்தாங்கு ஆகியவற்றைக் கொண்டு விராலும் கெளுத்தியும் பிடிப்போர் இவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இவ்விடுபடல் தற்செயலானதன்று என்பதே நமது கருத்தாகும்.

மீன்பிடித்தலை நெய்தலுக்கே உரிய தொழிலாகக் காண்பது நம்மிடையே நிலவும் வழக்கு. ஆனால் ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடிய மருதப் பகுதி வேறொரு செய்தியைத் தருகின்றது. பாண்மகள் வட்டியிற் கொணர்ந்த வராலுக்கு மனையோள் பழைய நெல்லை நிறைக்கின்றாள். கெடிற்றுக்குப் பயற்றை நிறைக்கின்றாள். நன்னீர் மீன் இங்கே பண்டமாற்றுப் பொருளாக நிற்கின்றது. எனினும் இச்செய்தி தலைவனது ஊரைச் சிறப்பிக்கும் அடையாகவே வருகின்றது. உழைப்பு ஒருத்தியுடையது, அதனாற் பெறும் புகழோ நிலமுடையோனுடையது. மருதத்தின் அழகியலுக்குள் உடைமை உறவு இவ்வாறு மறைந்துறைகின்றது.

ஈழத்துச் சான்றுகளும் இதனை வலியுறுத்துகின்றன. குளங்களிலும் கால்வாய்களிலும் பெறப்பட்ட மீன்பங்கு சங்கத்தாருக்கு வழங்கப்பட்டதை முற்காலப் பிராமிக் கல்வெட்டுகள் சில குறிப்பிடுகின்றன. நீரிலுள்ள மீனும் வரிக்குரிய செல்வமாகக் கணிக்கப்பட்டமை இதனாற் புலனாகும். பங்கைப் பெற்றவர் கல்லில் இடம்பெற்றனர்; பிடித்தவர் இடம்பெறவில்லை. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டனோடு இணைக்கும் மரபிலும் மன்னனின் பெயரே நிலைத்தது. மண் சுமந்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை.

வாய்க்கால் மீன்பிடி நெற்செய்கையின் கால ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது. மடை திறக்கையில் மீன் பரவும். மடை அடைபட்டு நீர் வற்றுகையில் குழிகளில் ஒதுங்கும். ஆகவே வேளாண்மைக்கென நீரைப் பகிரும் அதிகாரமே, பெயர் குறிப்பிடாமல், மீனவனின் பருவத்தையும் நிர்ணயிக்கின்றது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவரின் உரிமையைப் பேசிற்று. அதே நீரில் உழைத்த மீனவர் அதன் பொருளாகவில்லை.

1952 இல் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக்குக் கொணரப்பட்டது. குளங்களில் அது பெருகியமையால் நன்னீர் மீன் கிராமிய வறியோருக்கு மலிவான புரதமாயிற்று. ஆயினும் 1990 இல், உயிர்க்கொலை பற்றிய மத எதிர்ப்பின் பின்னணியில், உள்நாட்டு மீன்பிடிக்கான அரச ஆதரவு நிறுத்தப்பட்டது. உற்பத்தி கடுமையாக வீழ்ந்தது. 1994 இல் ஆதரவு மீண்டது. 1998 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவாயிற்று. கடலில் நாள்தோறும் மீன் பிடிக்கப்படுகையில், குளத்து மீனவனின் தொழிலுக்கு மட்டும் அறத்தின் பெயரால் ஆதரவு மறுக்கப்பட்டமை சிந்தனைக்குரியது. அறநெறியின் சுமை அமைப்புப் பலமற்றோர் மீதே எளிதில் இறக்கப்படுகின்றது.

குளத்தின் நீர் யாருக்குரியது என்ற வினா நெடுங்காலம் வயலை மட்டும் முன்னிறுத்தியே கேட்கப்பட்டது. கரப்பு ஏந்திய கைகளையும் உட்படுத்தி அதனைக் கேட்கும்போதே மருதத்தின் சமூக வரலாறு முழுமை பெறும்.