இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம்

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் என்பது தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கு அருகே, சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள தானுந்து (கார்), மோட்டார் சைக்கிள் பந்தயத் தடமாகும். இது 1990ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1953இல் தொடங்கப்பெற்ற மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இதனை நடத்தி வருகிறது. அண்மைக் காலத்தில் மெட்ராஸ் இண்டர்நேஷனல் சர்க்யூட் என்ற பெயராலும் அறியப்படுகிறது.

வரலாறு

இதற்கு முன்னர் பந்தயங்கள் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்தில் நடைபெற்றன. அது இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்; பந்தயத்திற்கென அமைக்கப்பட்டதன்று. பந்தயத்திற்கென்றே நிலையான தடம் கிடைத்த பின்னரே, இளம் ஓட்டுநர்கள் பந்தய நாள் மட்டுமன்றி மற்ற நாட்களிலும் பயிற்சி பெற வழி பிறந்தது.

அமைப்பு

தடத்தின் நீளம் 3.717 கி.மீ. இதில் 12 வளைவுகள் உள்ளன. இது நீள்வட்டத் தடம் அன்று. 1909இல் அமைக்கப்பட்ட அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் போன்ற நீள்வட்டத் தடங்களில் வண்டிகள் ஒரே பக்கமாகவே (பெரும்பாலும் இடப்பக்கம்) திரும்பும். வேகத்தில் வெளிப்புறம் சறுக்காதிருக்க வளைவுகள் உட்புறமாகச் சரிந்திருக்கும். இங்கோ வளைவுகள் இருபுறமும் திரும்புவதால், தடை (பிரேக்) பிடிப்பதும் பல்லிணை (கியர்) மாற்றுவதும் முதன்மையான திறன்களாகின்றன. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே, பெயரில் நீள்வட்டத் தடங்களை நினைவூட்டினாலும், இவ்வகையைச் சேர்ந்ததே.

போட்டிகள்

தேசியத் தானுந்து, மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் இங்கு நடைபெறுகின்றன. எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் போட்டிகளின் 2016-17 பருவத்தில் மைக்கேல் சூமாக்கரின் மகன் மிக் சூமாக்கர் கலந்துகொண்டார்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதி வண்டியில் தம் முதல் பந்தயத்தை ஓட்டியது இங்குதான். 2005இல் அவர் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2010இல் அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் நீள்வட்டத் தடத்தில் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் ஓட்டி 13ஆம் இடம் பெற்றார். சென்னையில் பிறந்த கருண் சந்தோக் 2010இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்றார்.

விபத்துகள்

2023 சனவரியில் தேசியத் தானுந்துப் போட்டியில் 59 அகவை ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகத்தில் மோட்டார் சைக்கிள் போட்டியில் 13 அகவைச் சிறுவர் ஒருவரும் இங்கு உயிரிழந்தனர். இரு முறையும் அந்நாளின் எஞ்சிய போட்டிகள் கைவிடப்பட்டன. பொதுச்சாலையை விட மூடிய தடம் பாதுகாப்பானது எனினும், அதிலும் தீங்கு முற்றிலும் நீங்குவதில்லை என்பதை இவை காட்டுகின்றன.