இரும்பரக்கனின் காலடி ஓசை

உயரம் 250 அடிக்கு மேல். உடல் முழுவதும் உலோகம். ஓர் அடி எடுத்து வைத்தால் தெரு முழுவதும் அதிரும். 2013ஆம் ஆண்டில் வெளிவந்த 'பசிபிக் ரிம்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் வரும் இயந்திர வீரன் இத்தகையவன். மெக்சிகோ நாட்டவரான கில்லெர்மோ டெல் டோரோ அப்படத்தை இயக்கினார். கடலின் அடியிலிருந்து எழுந்து வந்து நகரங்களை அழிக்கும் கொடிய விலங்குகளை எதிர்ப்பதற்காக மனிதர் இந்த இயந்திரங்களைப் படைக்கின்றனர். இயந்திரத்தின் தலைக்குள் இருவர் நின்று, தம் உள்ளங்கள் இரண்டையும் ஒன்றாக இணைத்து அதனை நடத்துகின்றனர்.

பெரிய படமாளிகையின் அகன்ற திரையில் இவ்வீரனைக் கண்டவர்கள் வியந்தார்கள் என்றால் அதில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் இன்று பலர் இதே படத்தை வீட்டுக் கூடத்தில், 4 அடி அகலமுள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் காண்கின்றனர். அங்கே நம் அரக்கனின் உயரம் இரண்டு அடிக்குச் சற்று மேல்தான். பொம்மையளவே உள்ள அவன் எவ்வாறு பூதமாகத் தோன்றுகிறான்? கண் காணாத பெருமையைக் காது கூட்டித் தருகிறது என்பதே விடை. உருவமே இல்லாத குரலைக் கேட்டு அரண்மனையையும் போர்க்களத்தையும் மனத்திலே கட்டிக் கொள்ளும் வானொலி நேயர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கனத்த காலடி ஓசை எங்கே பிறந்தது, எவ்வாறு நம் வீட்டுக்குள் நுழைந்தது என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியவர் செக் நாட்டு எழுத்தாளரான காரெல் சாபெக். 1920இல் அவர் எழுதிய நாடகம் ஒன்றில் அச்சொல் முதன்முதல் வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து அதனைப் பெற்றனர். 1927இல் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 'மெட்ரோபோலிஸ்' என்னும் படத்தில் இயந்திரப் பெண் ஒருத்தியைத் திரையிலே நடமாட விட்டார். அது ஊமைப்படம். அவள் மனித உயரமே உடையவள். அவள் நடையில் எழும் ஓசையும் படத்தில் இல்லை. ஆகவே அவளை அழகிய உருவம் என்று போற்றலாமே தவிர, நம் அரக்கனுக்கு மூதாதை என்று சொல்லிவிட இயலாது.

உண்மையான மூதாதை பிறந்த இடம் ஜப்பான், ஆண்டு 1954. அவ்வாண்டில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோஜிரா' என்னும் படம் வெளிவந்தது. உலகம் அதனை 'காட்ஜில்லா' என்று அழைக்கிறது. அதில் வருவது இயந்திரமன்று. அணுகுண்டுச் சோதனையால் கிளர்ந்தெழுந்த விலங்கு. ஒரு மனிதர் கனத்த உடையொன்றை அணிந்து, சிறிதாகச் செய்த நகரத்தின் நடுவே நடந்தார். ஆறடி மனிதரை மலையுருவாகக் காட்டுவதற்கு அக்கலைஞர்கள் ஒரு பௌதிக உண்மையைத் துணைக் கொண்டனர். பெரிய பொருள் தன் உயரமளவு விழுவதற்கு நேரம் மிகுதியாகும். ஆகவே படப்பெட்டியை வழக்கத்தைவிட விரைவாக ஓட்டிப் படம் எடுத்து, இயல்பான வேகத்தில் திரையிட்டனர். அசைவு மெதுவானது, மெதுவானதும் கனமானது.

அந்த விலங்கின் குரலை உண்டாக்கிய கதை இன்னும் சுவையானது. விலங்குகளின் குரல்கள் எவையும் பொருந்தவில்லை. படத்துக்கு இசையமைத்த அகிரா இஃபுகுபே, 'டபுள் பேஸ்' எனப்படும் ஆளுயர நரம்பிசைக் கருவியைக் கொண்டுவரச் செய்தார். நரம்பைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அதனை இழுத்துத் தேய்க்கச் செய்தார். அந்த முனகலைப் பதிவு செய்து, வேகத்தை மாற்றி ஒலிக்கவிட்டபோது, உலகம் கேட்டறியாத ஓர் ஓலம் பிறந்தது. கர்ஜனை செய்வது கைதேர்ந்த ஓர் இசைக்கலைஞரின் கையுறை என்று தெரிந்த பின்னும் நாம் அதனைக் கேட்டு அஞ்சுகிறோம்! 'பசிபிக் ரிம்' படத்தின் முடிவில் டெல் டோரோ அதனை ஹோண்டாவின் நினைவுக்கும், பொம்மைகளை அசைத்து உயிரூட்டிய ரே ஹாரிஹவுசனின் நினைவுக்கும் காணிக்கையாக்கியிருப்பது பொருத்தமேயாகும்.

ஜப்பானியச் சித்திரக் கதைகளில் இரும்பு அரக்கர் விரைவில் தோன்றினர். 1956இல் மிட்சுதெரு யோகோயாமா தொடங்கிய கதையில் ஒரு சிறுவன் தொலைவிலிருந்தே ஓர் இரும்பு மனிதனை இயக்கினான். 1972இல் கோ நாகாய் படைத்த 'மாஜிங்கர்' கதையில் வீரன் இயந்திரத்தின் தலைக்குள்ளேயே ஏறி அமர்ந்துவிட்டான். வண்டியாகவும் மனிதனாகவும் மாறும் ஜப்பானியப் பொம்மைகளை அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1984இல் 'டிரான்ஸ்பார்மர்ஸ்' என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 2007இல் மைக்கேல் பே அப்பொம்மைகளைக் கணிப்பொறியின் துணையால் திரையில் மலையளவு வளர்த்துக் காட்டினார். 2010இல் ஷங்கர் இயக்கிய 'எந்திரன்' படத்தில் பல நூறு இயந்திர மனிதர் ஒன்றாகத் திரண்டு பேருருவாகவும் பாம்பாகவும் மாறும் காட்சியைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர்.

உருவத்தின் கதை இவ்வளவு. ஓசையின் கதையே நீளமானது. 1940இல் வால்ட் டிஸ்னி 'ஃபாண்டேசியா' என்னும் இசைச் சித்திரத்தை வெளியிட்டபோது, அரங்கின் பல புறங்களிலிருந்தும் இசை எழுமாறு 'ஃபாண்டசவுண்ட்' என்ற ஏற்பாட்டைச் செய்தார். அதற்கான கருவிகள் மிகுந்த செலவு பிடித்தன. ஒரு சில அரங்குகளோடு அம்முயற்சி நின்றுவிட்டது. 1974இல் யூனிவர்சல் நிறுவனம் நிலநடுக்கத்தைப் பற்றிய 'எர்த்க்வேக்' என்ற படத்துக்காக 'சென்சரவுண்ட்' என்னும் ஏற்பாட்டை அமைத்தது. காதால் கேட்பதைக் காட்டிலும் உடலால் உணரத்தக்க தாழ்ந்த அதிர்வுகளை மாபெரும் ஒலிபெருக்கிகள் எழுப்பின. இருக்கை நடுங்கியது, நெஞ்சுக்கூடு நடுங்கியது. ஹாலிவுட்டின் புகழ்பெற்ற அரங்கு ஒன்றில் மேற்கூரையின் சுண்ணப்பூச்சு உதிர்ந்தால் தாங்குவதற்காக வலை கட்டினார்கள் என்பர். பக்கத்து அரங்குகளில் வேறு படம் பார்த்தவர்கள் முறையிட்டதும் உண்டு. சில படங்களுக்குப் பின் அதுவும் ஓய்ந்தது. எனினும், கனம் என்பது தாழ்ந்த ஒலியில் இருக்கிறது என்ற பாடத்தைத் திரையுலகம் அப்போது கற்றுக்கொண்டது.

இப்பாடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் ரே டால்பி. 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் காட்சியை நாடாவில் பதியும் கருவியை வெளியிட்டது. அதனை உருவாக்கிய சிறு குழுவில் இளைஞரான டால்பியும் ஒருவர். பின்னர் 1963 முதல் இரண்டாண்டுகள் அவர் நம் இந்தியாவிலேயே ஐக்கிய நாடுகளின் ஆலோசகராகப் பணியாற்றினார் என்பது பலர் அறியாத செய்தி. ஒலிநாடாவில் இடையறாது கேட்கும் 'உஸ்' என்ற இரைச்சலை அடக்குவது எப்படி என்ற சிந்தனை இங்கிருந்தபோதே அவருள் உருவாகியது. 1965இல் லண்டனில் தம் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பெருவெற்றி, டால்பி முறையை உலக அரங்குகளுக்கெல்லாம் எடுத்துச் சென்றது.

இதற்கிடையே ஒரு வழக்கு எழுந்தது. 1975இல் சோனி நிறுவனம் வீட்டில் வைத்துப் படம் பதியும் 'பீட்டாமாக்ஸ்' கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே படநிறுவனங்கள் இரண்டு வழக்குத் தொடுத்தன. ஒன்று யூனிவர்சல்; மற்றொன்று டிஸ்னி. 'சென்சரவுண்ட்' கண்டவர்களும் 'ஃபாண்டசவுண்ட்' கண்டவர்களுமே தம் படைப்பு வீட்டுக்குள் செல்லக் கூடாது என்று நீதிமன்றம் ஏறினர்! 1984 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் வீட்டுத் திரையரங்கு என்பதன் வரலாறு வேறுவிதமாகப் போயிருக்கக்கூடும். பின்னர் அந்நிறுவனங்களே வீட்டு நாடாக்களை விற்றுப் பெரும்பொருள் ஈட்டின.

நாடாவின் ஒலி மெலிந்த ஒலி. 1992இல் அரங்குகளில் இலக்கமுறை ஒலி பரவத் தொடங்கியது. 1996இல் ஜப்பானில் டிவிடி குறுந்தட்டு வெளிவந்தது. அத்தட்டில் ஆறு தனித்தனி ஒலித்தடங்கள் அடங்கின. இதனை 'ஐந்து புள்ளி ஒன்று' என்பர். முன்னே மூன்று, பக்கங்களில் இரண்டு என ஐந்து ஒலிபெருக்கிகள். புள்ளிக்குப் பின் உள்ள 'ஒன்று' தாழ்ந்த ஒலிக்கு மட்டுமே உரிய தடம். கேட்கும் ஒலியெல்லையில் மிகச் சிறு பகுதியையே அது சுமப்பதால் முழு எண்ணாக அதனைக் கணக்கிடவில்லை. என் கருத்தில் நம் அரக்கன் குடியிருப்பது அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலி காற்றில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். நொடிக்கு 20 அதிர்வுகளுடைய ஒலியின் ஓர் அலை எனவே 17 மீட்டர் நீளம். பல வீடுகளின் கூடத்தைவிட அது நீண்டது! அத்தகைய அலையை எழுப்புவதற்கு மிகுதியான காற்றைத் தள்ள வேண்டும். மெல்லிய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் விரலளவு ஒலிபெருக்கியால் அது இயலாது. இதற்கென்றே 'சப்வூஃபர்' என்னும் கனத்த பெட்டியைத் தரையில் வைக்கின்றனர். நீண்ட அலை எத்திசையிலிருந்து வருகிறது என்று காது பிரித்தறியாது. பெட்டி மூலையில் இருந்தாலும் அதிர்வு திரையிலிருந்து வருவதாகவே மனம் கொள்கிறது.

2012இல் வந்த 'டால்பி அட்மாஸ்' முறை மேற்கூரையிலிருந்தும் ஒலி இறங்கச் செய்தது. இரண்டாண்டுகளில் அதுவும் வீடு புகுந்தது. அம்முறையில் வெளிவந்த முதல் புளூரே தட்டு எது தெரியுமா? மைக்கேல் பேயின் 'டிரான்ஸ்பார்மர்ஸ்' வரிசையில் நான்காம் படம். 2014 செப்டம்பர் இறுதியில் வெளிவந்தது. புதிய கருவியின் ஆற்றலைக் காட்ட இரும்பு அரக்கரையே முன்னிறுத்தினர். படத்தின் கதையைப் பற்றி நான் புகழ்ந்து சொல்ல ஏதுமில்லை. உலோகம் உலோகத்தோடு மோதும் ஓசையைத் தலைக்கு மேலே கேட்பது ஓர் அனுபவந்தான்.

ஆனால் உரத்த ஓசை மட்டுமே இக்கலையன்று. 'பசிபிக் ரிம்' படத்தில் ஹாங்காங் நகரத்தில் நள்ளிரவு மழையில் நிகழும் போரைக் கூர்ந்து கேளுங்கள். கப்பலொன்றைத் தடியாக இழுத்துக்கொண்டு இயந்திர வீரன் தெருவில் நடக்கிறான். ஒரு குத்து குறி தவறி, அலுவலகக் கட்டடம் ஒன்றின் சுவரைப் பிளந்துகொண்டு கை உள்ளே பாய்கிறது. ஒரு மேசையருகே அது ஓய்ந்து நிற்கிறது. மேசைமேல் நூலில் தொங்கும் சிறு உலோக உருண்டைகளை விரல் மெல்லத் தொடுகிறது. 'டிக், டிக்' என்று அவை ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்தச் சிற்றொலிக்குப் பிறகுதான் கை எவ்வளவு பெரிது என்பது நமக்கு உறைக்கிறது. நல்ல ஒலிக்கருவியின் சோதனை சுவரை அதிரச் செய்வதில் இல்லை. இடிக்குப் பின் வரும் அந்த 'டிக்' தெளிவாகக் கேட்கிறதா என்பதில் இருக்கிறது.

வீட்டுக்கென்று ஓர் இடர் உண்டு. நீண்ட அலை திரைச்சீலைக்கும் செங்கற் சுவருக்கும் அடங்குவதில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டில்வரை செல்லும். அரங்கில் பக்கத்து மண்டபத்தார் செய்த முறையீட்டை இங்கே பக்கத்து வீட்டார் செய்வர். இதற்காகவே கருவிகளில் 'இரவு' என்றொரு நிலை அமைத்திருக்கிறார்கள். அது பேரோசையைத் தாழ்த்திச் சிற்றோசையை உயர்த்துகிறது. உரையாடல் நன்றாகக் கேட்கும். அண்டை வீட்டார் உறங்குவர். அந்நிலையில் ஹாங்காங் காட்சியை ஓட்டிப் பார்த்தால், சுவர் பிளக்கும் இடிக்கும் உருண்டைகளின் 'டிக்' ஒலிக்கும் இடையே இருந்த தொலைவு சுருங்கிவிடுகிறது. கையும் சிறிதாகத் தோன்றுகிறது.