வீடிழந்த சிறுவரும் மேற்கே சென்ற புகையிரதமும்

வீதியோரத்தில் உறங்கும் சிறுவனைக் கண்டவுடன் உலகம் அவனுக்கு இரு பெயர்களுள் ஒன்றைச் சூட்டிவிடுகின்றது. ஒன்று அநாதை, மற்றது காவாலி. இவ்விரு பெயர்களும் பெரும்பாலும் பொருந்தாதவை என்பதற்கு நியூயோர்க் நகரின் வரலாறு தக்க சான்றாகும்.

1820 இல் ஏறத்தாழ 1,23,000 மக்கள் வாழ்ந்த அந்நகரின் குடித்தொகை 1850 இல் 5 இலட்சத்தைக் கடந்தது. அயர்லாந்தில் 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பியோர் பெருந்தொகையாக அங்கு வந்திறங்கினர். பிறந்த ஊரில் தாய் நோயுற்றால் பாட்டியோ சிற்றன்னையோ பிள்ளையை ஏந்திக்கொள்வர். கடல் கடந்த குடும்பத்துக்கு அச்சுற்றம் ஏது? தொழிலிடத்தில் தந்தை காலிழந்தால் நட்டஈடு கோரச் சட்டமில்லை. 1849 இல் வாந்திபேதி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. எஞ்சிய பெற்றோர் வாடகை செலுத்த இயலாது தவித்தனர். குடியும் அடியும் மலிந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் தாமே வெளியேறினர். பத்திரிகை விற்றும் சப்பாத்துத் துடைத்தும் பிழைத்தனர்.

இவர்களைக் கண்டு மனமிரங்கியவர் சார்ள்ஸ் லோறிங் பிறேஸ் என்னும் இளம் சமயத்தொண்டர். 1853 இல் அவர் சிறுவர் உதவிச் சங்கத்தை நிறுவினார். பத்திரிகை விற்கும் சிறுவர் 6 சதம் கொடுத்து இரவு தங்குவதற்கு விடுதியொன்றும் திறக்கப்பட்டது. ஆயினும், நகரைவிட்டு அகற்றி நாட்டுப்புறக் கமக்காரர் இல்லங்களில் அமர்த்துவதே பிள்ளைகளுக்கு நன்மை என அவர் நம்பினார். 1854 இல் முதற் கூட்டம் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றது. 1929 வரை ஏறத்தாழ 2 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு அனுப்பப்பட்டனர்.

அவர்களுள் சிலர் உயர்ந்தனர். 1859 இல் இந்தியானாவுக்குச் சென்ற யோன் பிறேடி, அன்றூ பேர்க் ஆகிய இருவரும் பிற்காலத்தில் ஆளுநர்களாயினர். எனினும் எல்லோருக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. ஊர் மண்டபங்களில் பிள்ளைகள் வரிசையாக நிறுத்தப்பட்டனர். வந்தவர் விரும்பியவரைத் தெரிந்தெடுத்தனர். ஒருதாய் மக்கள் வெவ்வேறு ஊர்களுக்குப் பிரிந்தனர். சிலர் பிள்ளையாக அன்றிக் கூலியற்ற வேலையாளாகவே வளர்ந்தனர். பிற்காலத்தார் அவற்றை ‘அநாதைகளின் புகையிரதங்கள்’ என்றனர். ஆனால் அவற்றில் ஏறிய பலருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிரோடிருந்தனர். அவர்கள் இழந்தது தாயையன்று. தாய் அடுப்பு மூட்டுவதற்கு வேண்டிய வருவாயையே.

இவ்வுண்மையை அரசு உணர அரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. 1909 இல் சனாதிபதி தியடோர் றூஸ்வெல்ற் வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாடு, வறுமை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என வற்புறுத்தியது. 1911 இல் இல்லினோய் மாநிலம் ஆதரவற்ற தாய்மாருக்கு உதவிப்பணம் வழங்கச் சட்டமியற்றியது. பத்தாண்டுக்குள் பெரும்பாலான மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. அத்தொகை சிறிதே, எல்லாத் தாய்மாருக்கும் அது கிட்டவுமில்லை. ஆயினும் கேள்வி மாறியது. ‘இப்பிள்ளையை எங்கே அனுப்புவது?’ என்று கேட்டவர்கள், ‘இவ்வீடு விழாமல் எவ்வாறு தாங்குவது?’ என்று கேட்கத் தொடங்கினர்.

சிறுவன் வீதிக்கு வருமுன் அவன் வீடு தளர்ந்துவிடுகின்றது. தளரும் வீட்டுக்கு உரிய காலத்தில் முட்டுக்கொடுப்பதே, வீதியில் நிற்கும் பிள்ளைக்குக் கூரை தேடுவதினும் முந்திய கடமையாகும்.