குறுக்கெழுத்தில் சான்றோர் பெயர்கள்

லிவர்பூலிற் பிறந்த ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வெளியிட்ட சொற்புதிரிலிருந்து கிளைத்த குறுக்கெழுத்து, தமிழில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் நடத்திய பரிசுப் போட்டிகளாற் பிரசித்தி பெற்று, இலங்கையில் வீரகேசரி (1930), தினகரன் (1932) ஆகிய பத்திரிகைகள் எட்டிய தோட்டங்கள் வரையும் பரவலாயிற்று. தத்துவ ஞானிகள், எழுத்தாளர், கலைஞர் ஆகியோரின் நாமங்களை விடையாகக் கோரும் குறிப்புகளே அதில் வாசகரின் கல்வியை நேராகச் சோதிப்பவை.

தமிழ்க் கட்டத்தில் உயிர்மெய்யும் ஒரு சதுரம், புள்ளியிட்ட மெய்யும் ஒரு சதுரம். ஆகவே பாரதி மூன்று சதுரங்களிலும் திருவள்ளுவர் ஏழிலும் அமைவர். இடத்திற்கு இசையாத பெயரைப் புதிர் அமைப்பவர் தலைமாற்றி வைத்துத் 'திரும்பியுள்ளது' என்றோ, எழுத்துக்களைக் கலைத்துக் 'குழம்பியுள்ளது' என்றோ அறிவித்துவிடுவார். அந்நிய நாமங்களில் இடர்ப்பாடு அதிகம். தமிழகத்து நூல்களிற் பயின்றவர் 'சாக்ரடீஸ்' என ஐந்து சதுரம் எண்ணுகையில், ஈழத்து வழக்கு 'சோக்கிரட்டீஸ்' என ஏழு கேட்கும்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், சான்றோர் பெயர்களைக் கோரும் குறிப்புகளுக்கு விசேஷ மதிப்பு உண்டு. 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டமையால், 'குடியரசு என்னும் நூலை இயற்றிய கிரேக்க ஞானி' என்ற ஒரு வரியே, நூலகம் காணாத வாசகருக்குப் பிளேட்டோவையும் அவருடைய கிரந்தத்தையும் ஒருங்கே அறிமுகப்படுத்தும் ஆற்றல் வாய்ந்தது.

இவ்விரு மாவட்டங்களும் அடங்கிய சப்ரகமுவைக்கே உரிய விடையொன்றும் உண்டு. கொழும்பில் 1877இற் பிறந்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுக்குப் பணிப்பாளராக விளங்கிய ஆனந்த குமாரசாமி, பலாங்கொடைப் பிரதேசத்தில் 1904இற் கண்டெடுத்த கனிமமே பின்னர் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. கல்லை ஆராய்ந்த அவரே மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908இற் பெருநூல் வெளியிட்டு, சிவநடனத்தின் தத்துவத்தை மேனாட்டாருக்கு விளக்கினார். அவர் பெயர் ஒன்பது சதுரம் கொள்ளும். அதன் மூன்றாம் எழுத்தான 'ந்' மீது, விபுலானந்தர் என்னும் ஏழெழுத்துப் பெயரை, அதன் ஐந்தாம் எழுத்துப் பொருந்துமாறு மேலிருந்து கீழாக நிறுத்தலாம். யாழ் நூலின் ஆசிரியரும் கலைத் தத்துவரும் இவ்வாறு ஓரெழுத்திற் சந்திப்பது எத்துணை அழகு! இருவரும், 'தேசபக்தன்' பத்திரிகையால் தோட்டத் தொழிலாளருக்குக் குரல் கொடுத்த கோ. நடேசய்யரும், 1947ஆம் ஆண்டிலேயே மறைந்தனர்.

தோட்டத்து மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிய சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984), 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என். எஸ். எம். இராமையா ஆகியோரின் பெயர்களும் கட்டத்துக்கு முற்றும் தகுதியானவை. புதிர் அமைப்போர் கிரேக்க ஞானிகளுக்கும் பாரிசுக் கலைஞருக்கும் அளிக்கும் சதுரங்களிற் சிலவற்றையேனும் இவர்களுக்கு ஒதுக்குதல் வேண்டும்.