குனிதாச்சியின் 20 மீட்டர் வழக்கு

டோக்கியோவின் மேற்குப் புறநகரான குனிதாச்சி தானாக வளர்ந்த ஊர் அன்று. 1923 நிலநடுக்கத்தில் தலைநகர் சிதைந்த பிறகு, த்சுத்சுமி யாசுஜிரோ என்ற நில வணிகரின் நிறுவனம் அங்கிருந்த காட்டைத் திருத்தி மனைகளாக்கி விற்றது. 1926இல் ரயில் நிலையம் வந்தது. இன்று ஹிதோத்சுபாஷி பல்கலைக்கழகம் எனப்படும் வணிகப் பல்கலைக்கழகமும் டோக்கியோவிலிருந்து அங்கே இடம்பெயர்ந்தது. நிலையத்திலிருந்து தெற்கே நேராக, 44 மீட்டர் அகலத்தில் பல்கலைக்கழகச் சாலை போடப்பட்டது. 1930களின் நடுவில் அதன் இருமருங்கிலும் செர்ரி, ஜிங்கோ மரங்கள் நடப்பட்டன. பின்னாளில் எந்த அழகைக் காக்க ஊரார் நீதிமன்றம் போனார்களோ, அதுவே ஒரு மனை வியாபாரத்தில் பிறந்ததுதான்.

போராட்டம் இந்த ஊருக்குப் பழக்கமானது. கொரியப் போர்க் காலத்தில், பக்கத்து தாச்சிகாவாவில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தின் வீரர்களை நம்பி விடுதிகளும் விபசாரமும் பெருகின. குடியிருப்போரும் மாணவர்களும் எதிர்த்து நின்று, 1952இல் ஊரைக் கல்விப் பகுதியாக அறிவிக்கச் செய்தார்கள். 1970இல் இதே சாலையின் குறுக்கே நடைமேம்பாலம் கட்டுவதை எதிர்த்தும் வழக்குப் போட்டார்கள். பாலம் என்னவோ கட்டப்பட்டுவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சாலையோர நிலத்தின் பெரும்பகுதி தாழ்ந்த வீடுகளுக்கு மட்டுமான மண்டலமானது. எஞ்சிய இடங்களில் எழுதப்படாத அளவுகோல் ஒன்று நிலவியது: கட்டடம் மரங்களின் தலைக்கு மேலே போகக் கூடாது. மரங்களின் உயரம் ஏறத்தாழ 20 மீட்டர்.

சாலையின் தென்பகுதியில் நான்கு ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட ஒரு மனை, சட்டப்படி எந்த உயர வரம்பிலும் அடங்காமல் இருந்தது. 1999இல் மெய்வா ஜிஷோ என்ற கட்டுமான நிறுவனம் அதை வாங்கி, 53 மீட்டர் உயரத்தில் 18 மாடிக் குடியிருப்பை அறிவித்தது. எதிர்ப்புக்குப் பின் அது 14 மாடியாக, 44 மீட்டராகக் குறைந்தது. அப்போதும் மரங்களைப் போல இரு மடங்கு. அவ்வாண்டுதான் ஊர் அழகைக் காப்பதாகச் சொல்லி உஎஹாரா ஹிரோகோ மேயராகியிருந்தார். 20 மீட்டர் வரம்பைச் சட்டமாக்க நகராட்சி விரைந்தது, நிறுவனமும் விரைந்தது. 2000 ஜனவரி 5இல் கட்டட அனுமதி கிடைத்த அன்றே வானம் தோண்டும் வேலை தொடங்கியது. நகராட்சியின் விதி நடைமுறைக்கு வந்தது பிப்ரவரி 1இல்.

விதி வரும்போது வேலை நடந்துகொண்டிருக்கும் கட்டடத்துக்கு அந்த விதி பொருந்தாது என்பது ஜப்பானியக் கட்டடச் சட்டம். வெறும் குழி கட்டடமாகுமா? இந்தக் கேள்விக்கு நீதிமன்றங்கள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. கட்டடம் 2001 இறுதியில் முடிந்துவிட்டது. குடியிருப்போர் தொடுத்த வழக்கில் 2002 டிசம்பர் 18இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் எவரும் எதிர்பாராத தீர்ப்பை வழங்கியது: சாலையைப் பார்த்திருக்கும் பகுதியில் 20 மீட்டருக்கு மேலுள்ளதை இடிக்க வேண்டும். கட்டடம் விதிமீறல் என்று நீதிமன்றம் கருதவில்லை. நில உரிமையாளர்கள் பல்லாண்டுகள் தம் உரிமையைத் தாமே சுருக்கிக்கொண்டு வளர்த்த காட்சியின் பயனை ஒருவர் மட்டும் அள்ளிக்கொண்டு போக முடியாது என்பதே அதன் வாதம். மரபைச் சொத்துரிமையின் பகுதியாக்கிய இந்த நியாயம் துணிச்சலானது, மேல்முறையீட்டில் நிலைக்கவில்லை. 2004 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2006 மார்ச் 30இல் உச்ச நீதிமன்றமும் குடியிருப்போருக்கு எதிராகவே முடித்தது. ஆனால் நல்ல காட்சிச் சூழலின் அருகே வாழ்வோர் அதிலிருந்து பெறும் நலன் சட்டப் பாதுகாப்புக்கு உரியது என்று அங்கே முதன்முறையாக ஒப்புக்கொள்ளப்பட்டது. கட்டுபவர் சட்டத்தையோ பொது ஒழுங்கையோ மீறாதவரை அந்த நலன் மீறப்பட்டதாகாது என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. இதற்கிடையே 2004இல் நாடு முழுமைக்கும் காட்சிச் சூழல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தது.

கணக்கு கடைசியில் மேயரின் தலையில் விழுந்தது. நிறுவனம் நகராட்சியிடம் நஷ்டஈடு கேட்டு வென்றது. வட்டியோடு மூன்று கோடி யென்னுக்கு மேல் வாங்கி, அதே அளவு தொகையை ஊருக்கே நன்கொடையாகத் திருப்பித் தந்தது. ஆனாலும் உஎஹாராவிடமிருந்து அந்தப் பணத்தை வசூலிக்க வேண்டும் என்று குடிமக்கள் சிலர் தொடுத்த வழக்கு நீண்டு, 2016இல் அவர் கட்டியாக வேண்டும் என்று முடிவானது. வட்டி ஏறி நான்கரைக் கோடி யென்னைத் தொட்ட தொகையை ஆதரவாளர்கள் வசூல் செய்து 2017இல் அடைத்தார்கள்.

மெய்வாவின் கட்டடம் 14 மாடியோடு நிற்கிறது. அதே ஊரில் ஃபுஜி மலை தெரியும் வேறொரு சாலையில் செகிசுயி ஹவுஸ் நிறுவனம் 11 மாடித் திட்டத்தைப் பத்தாகக் குறைத்து 18 வீடுகள் கட்டியது. 2024 ஜூனில், வாங்கியவர்களிடம் ஒப்படைக்கச் சில வாரங்களே இருந்தபோது, அதை இடிப்பதாக அந்த நிறுவனமே அறிவித்தது. மலைக் காட்சியை மறைப்பது பற்றிப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது அது சொன்ன காரணம். சட்டப்படி அந்தக் கட்டடத்தில் குறை இருக்கவில்லை.