இரும்புக் கையும் ஆறாத தழும்பும்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், புனிதர் ஒருவரின் புதுமைகளை வரிசையாகச் சொல்லி முடித்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, “சாமி, அவர் எப்படி அப்படி ஆனார்?” என்று கேட்டான். “பிறந்தது முதலே பக்தி உள்ளவர்” என்றேன். அவன் அமர்ந்துவிட்டான், முகத்தில் நிறைவில்லை. அவனுடைய மறைக்கல்வி நூலின் அடியில் ஒரு படக்கதைப் புத்தகத்தின் ஓரம் தெரிந்தது. அதைப் பறிக்க மனம் வரவில்லை. அவன் வயதில் நானும் அப்படித்தான் ஒளித்து வைத்திருந்தேன். அவன் கேட்டதும், அப்புத்தகங்கள் நன்றாக விடை சொல்லும் கேள்வியையே.

பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பெயர்பெற்ற சிவகாசியில், 1972ஆம் ஆண்டு மு. சௌந்தரபாண்டியன் அவர்கள் ‘முத்து காமிக்ஸ்’ என்னும் இதழைத் தொடங்கினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962ஆம் ஆண்டு தொடங்கிய தொடர் அது. ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் கைவண்ணம். கடல் கடந்து வந்த அந்த மனிதன், தமிழ் பேசத் தொடங்கிய பின் நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டான். 1984இல் அதே குடும்பத்திலிருந்து ‘லயன் காமிக்ஸ்’ வெளிவந்தது. பழைய புத்தகக் கடைகளிலும் வாடகை நூல் நிலையங்களிலும் அட்டை கிழிந்த இந்த இதழ்களைத் தேடி அலைந்த தலைமுறை, இன்று பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வயதை எட்டியிருக்கிறது.

மாயாவியின் தொடக்கக் கதை எளியது. லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். விபத்தில் வலக்கையை இழக்கிறான். அவ்விடத்தில் இரும்புக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் மின்சாரம் அவன் உடலில் பாய்கிறது. உடல் கண்ணுக்கு மறைகிறது. இரும்புக் கை மட்டும் மறையவில்லை. இந்த ஆற்றல் கிடைத்ததும் அவன் நல்லவனாகவில்லை என்பதே இக்கதையின் சிறப்பு. அதைக் கொண்டு முதலில் குற்றமே செய்கிறான். பின்னரே மனம் திருந்தி, ‘நிழற்படை’ என்னும் இரகசிய அமைப்பில் சேர்ந்து, நலிந்தோரைக் காக்க முற்படுகிறான்.

இக்கதை ஏன் நெஞ்சில் நின்றது? மின்சாரத்தால் ஒருவன் மறைவது வெறும் வியப்பு. வியப்பு இரண்டாம் வாசிப்பில் தீர்ந்துவிடும். ஆனால் எல்லாம் மறைந்தபோதும் காயப்பட்ட இடம் மட்டும் மறையாமல் நிற்கிறதே, அது தீராத உண்மை. அவன் இழந்த இடமே அவனுடைய அடையாளம்.

அமெரிக்கப் படக்கதைகளிலும் இதைக் காணலாம். 1938இல் தோன்றிய சூப்பர்மேனுக்கு ஆற்றல் பிறப்பிலேயே வந்தது. 1939இல் வந்த பேட்மேனோ, பெற்றோர் கொல்லப்பட்டதைக் கண் முன்னே கண்ட சிறுவன். மாயாவி பிறந்த அதே 1962இல் தோன்றிய ஸ்பைடர்மேன், தடுக்கக்கூடிய ஒரு திருடனைத் தன் செருக்கினால் தப்பவிடுகிறான். அதே திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். கடமையில் தவறுவதும் பாவமே என்று திருப்பலியின் தொடக்கத்தில் நாம் அறிக்கையிடுகிறோம் அல்லவா? அந்தப் பாடத்தை அவன் கண்ணீரோடு கற்கிறான். ஆற்றல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் கதை சாதாரணமானது. அந்த ஆற்றலுக்கு அவன் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன் என்பதைச் சொல்லும் கதையே சிறந்தது.

இவற்றை எண்ணும்போது, வரலாற்றில் உண்மையாக வாழ்ந்த இருவர் நினைவுக்கு வருகின்றனர். 1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், பம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டு இனிகோ என்னும் படைவீரரின் கால் முறிந்தது. லொயோலாவில் படுத்திருந்தவர் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அக்காலத்துப் ‘படக்கதைகள்’ அவையே. அவை அவ்வீட்டில் இல்லை. கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறும்தாம் கிடைத்தன. அப்படுக்கையிலிருந்து எழுந்தவரே புனித இஞ்ஞாசியார். அவருடைய நடையில் நொண்டல் கடைசிவரை இருந்தது.

மற்றவர் நம்மவர். 1712இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். கால்நடைகள் மடிந்து, பயிர் அழிந்து, உள்ளம் உடைந்திருந்த வேளையில், அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னவர் டி லனாய். அவரும் 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதிதான். காயமுற்ற ஒருவர் காயமுற்ற இன்னொருவருக்குக் காயமுற்ற யோபுவைக் காட்டினார். நீலகண்டர் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

படக்கதையும் புனிதர் வரலாறும் ஒன்றல்ல. அங்கே விபத்து ஆற்றலைத் தருகிறது. இங்கே காயத்தின் வழியாக இறையருள் நுழைகிறது. அங்கே நாயகன் பகைவனை வீழ்த்துகிறான். இங்கே புனிதர் பகைவருக்காக மன்றாடுகிறார். எனினும் ஒன்றில் படக்கதையாசிரியர் நம்மைவிட நேர்மையாக இருந்துவிட்டனர். அவர்கள் நாயகனின் வீழ்ச்சியை மறைக்கவில்லை. நாமோ திருவிழா மறையுரைகளில் புனிதர்களின் தழும்புகளைப் பூசி மறைத்து, வண்ணம் தீட்டிய சுரூபங்களாகவே பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். தவறி விழுந்த இளைஞன் அந்தச் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்து, ‘இது எனக்கு உரியதன்று’ என்று கோவில் வாசலிலிருந்தே திரும்பிவிடுகிறான். அப்படித் திரும்பியவர்களில் சிலரை நான் அறிவேன். அவர்களை அனுப்பியதில் என் மறையுரைகளுக்கும் பங்குண்டு.

உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம்மை அடையாளம் காட்டியபோது, ஒளிவீசும் முகத்தைக் காட்டவில்லை. கைகளின் தழும்புகளையே காட்டினார். மாட்சி பெற்ற உடலிலும் அவை மறையாதிருந்தன.

அடுத்த ஞாயிறு அதே வகுப்பில், இனிகோவின் முறிந்த காலிலிருந்து தொடங்கினேன். அந்தச் சிறுவன் நிமிர்ந்து அமர்ந்தான். வகுப்பு முடிந்ததும் அருகில் வந்து, “சாமி, அவர் கால் அப்புறம் சரியாச்சா?” என்று கேட்டான்.

“இல்லை தம்பி, அந்தக் காலோடுதான் நடந்தார்” என்றேன்.