எட்டாம் எண்ணில் தொடங்கிய தகராறு

1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் 0.01-இன் பூட் கோப்பைத் திறந்தால், அசெம்பிளிக் கட்டளைகளுக்கு நடுவே ஒரு சலிப்புக் குறிப்பு கண்ணில் படும். குறுக்கீடுகளுக்கெல்லாம் புது எண் போட வேண்டியிருக்கிறது, முதல் பிசியிலேயே ஐபிஎம் இதைச் சொதப்பிவிட்டது, பிற்பாடும் அவர்களால் திருத்த முடியவில்லை என்பது அதன் சாரம். கூடவே நிறுத்தக் குறிகளால் ஆன ஒரு வாடிய முகமும் உண்டு. பத்து ஆண்டுகளுக்கு முன் ஃபுளோரிடாவில் ஐபிஎம் எடுத்த ஒரு முடிவுக்கு ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் அபராதம் கட்டிக்கொண்டிருந்தார்.

குறுக்கீடு என்பது என்ன? செயலிக்கு வேகம் அதிகம், விசைப்பலகையும் டிஸ்க்கும் அதன் கணக்கில் ஆமைகள். விசை அழுத்தப்பட்டதா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருப்பது, பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிற வேலை. குக்கர் என்றால் விசில் வரும்வரை வேறு வேலை பார்க்கலாம். குறுக்கீடு அந்த விசில்தான். சாதனம் ஒரு கம்பியில் சைகை கொடுக்கும். செயலி, செய்துகொண்டிருந்த வேலையை எந்த இடத்தில் விட்டோம் என்று குறித்துவைத்துவிட்டு, அந்தச் சாதனத்துக்கென எழுதிய சிறு நிரலை ஓட்டி முடித்து, விட்ட இடத்துக்குத் திரும்பும். அந்தச் சிறு நிரலுக்கு ஹேண்ட்லர் என்று பெயர்.

இந்த ஏற்பாடு பிசியைவிட மிகவும் மூத்தது. 1954-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் அலுவலகம் ராணுவத்துக்காக டைசியாக் என்ற கணினியைச் செய்து லாரி வண்டியில் ஏற்றியது. அதில் வெளிச் சாதனம் செயலியின் கவனத்தைத் திருப்ப முடிந்தது. இரண்டொரு ஆண்டுகளில் கிளீவ்லாந்தின் லூயிஸ் ஆய்வுக்கூடத்தில் யூனிவாக் 1103ஏ கணினி, காற்றுச் சுரங்கத்திலிருந்து தரவு வரும்போது மட்டும் எழுந்து அதை வாங்கிவைத்துவிட்டு, மற்ற நேரத்தில் சாதாரணக் கணக்குகளைப் பார்த்தது. விமான ஆய்வுக்குக் காற்றுச் சுரங்கத்தை ஓட்டுவது செலவு பிடித்த காரியம். அது தரும் எண்களைத் தவறவிடவும் கூடாது, அதற்காகக் கணினியைச் சும்மா உட்கார வைக்கவும் கூடாது.

வசதி புரிந்த அளவுக்கு ஆபத்து எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. புரிந்துகொண்டு பயந்தவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. 1950களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் எக்ஸ்1 என்ற கணினியை வடிவமைத்தார்கள். அதில் குறுக்கீடு வேண்டும் என்றார்கள். நிரல் எழுத வேண்டியவர் டைக்ஸ்ட்ரா. அதுவரை அவர் கையாண்ட கணினிகளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது: ஒரே நிரலை ஒரே உள்ளீட்டோடு பத்து முறை ஓட்டினால் பத்து முறையும் அதே விடை, அதே பிழை. குறுக்கீடு எந்த இரண்டு கட்டளைகளுக்கு நடுவிலும் வந்து விழலாம் என்றால் அந்தக் குணம் போய்விடும். இன்று வந்த பிழை நாளைக்கு வராது. வராத பிழையைத் தேடுவது எப்படி? அவர் தயங்கினார், தள்ளிப்போட்டார். கடைசியில் உன்னால் முடியாததா என்று புகழ்ந்தே தன்னை மடக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் எழுதினார்.

அந்தப் பயம் வீண்போகவில்லை. எக்ஸ்1-க்கு அவர் எழுதிய குறுக்கீட்டு நிரலே 1959-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டின் பொருளானது. பிறகு ஐந்தோவனில் எக்ஸ்8 கணினிக்கு அவரது குழு கட்டிய இயக்குதளத்தில், கடிகாரக் குறுக்கீட்டையும் செயலியைப் பங்கிடுவதையும் ஆக அடித்தட்டில் புதைத்து வைத்தார்கள். அதற்கு மேலே உள்ள எந்த அடுக்குக்கும் கடிகாரக் குறுக்கீடு என்று ஒன்று நடப்பதே தெரியாது. 1968-இல் இதைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுபதுகளில் பிடிபி-11-இல் ஓடிய யூனிக்ஸ் வேறு வழியில் அதே ஒழுங்கைப் பிடித்தது. முக்கியமான வேலை நடக்கும்போது செயலியின் முன்னுரிமையை உயர்த்தித் தொந்தரவுகளை நிறுத்திவைப்பது, கடிகாரம் அப்படிப்பட்ட நேரத்தில் தட்டினால் மணியைக் கூட்டிவிட்டு மற்ற வேலையைப் பிறகு பார்ப்பது. ஹேண்ட்லர் என்றால் சுருக்கமாக முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்ற பழக்கம் இப்படித்தான் ஊறியது.

இனி ஃபுளோரிடாவுக்கு வரலாம். 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் தன் பிசியை அறிவித்தது. உள்ளே இன்டெல் 8088 செயலி, குறுக்கீடுகளை வாங்கி வரிசைப்படுத்த 8259ஏ என்ற சிப். அந்த சிப்புக்கு எட்டுக் கம்பிகள்: கடிகாரம், விசைப்பலகை, சீரியல் போர்ட்டுகள், ஃபிளாப்பி, பிரிண்டர். செயலியிடம் மொத்தம் 256 குறுக்கீட்டு எண்கள் இருந்தன. நினைவகத்தின் முதல் ஒரு கிலோபைட் முழுக்க அந்த எண்களுக்கான முகவரிப் பட்டியல்தான். 0 முதல் 31 வரை தன் எதிர்காலத் தேவைக்கு என்று இன்டெல் ஒதுக்கிவைத்திருந்தது. அப்போதைய செயலிக்கு அதில் முதல் ஐந்தே போதும்.

மீதிதான் காலியாகக் கிடக்கிறதே என்று ஐபிஎம் பொறியாளர்கள் உள்ளே புகுந்துவிட்டார்கள். எட்டுக் கம்பிகளையும் 8 முதல் 15 வரையான எண்களில் உட்கார வைத்தார்கள். திரையில் உள்ளதை அச்சடிக்கும் வேலை 5-க்கு, திரைச் சேவை 16-க்கு, டிஸ்க் சேவை 19-க்குப் போனது.

மறு ஆண்டே 80286 செயலி வந்தது. ஒதுக்கிய இடங்களை இன்டெல் உரிமையோடு எடுத்துக்கொண்டது. 8 என்றால் இரட்டைப் பிழை: ஒரு பிழையைக் கவனிக்கப்போன இடத்திலேயே இன்னொரு பிழை. 13 என்றால் பாதுகாப்பு மீறல். பிசியிலோ 8-ஆம் எண்ணில் வந்துகொண்டிருந்தது கடிகாரம், அதுவும் விநாடிக்குச் சுமார் 18.2 முறை. வண்ணத் தொலைக்காட்சிக்கு ஏற்ற 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 12-ஆல் வகுத்து, மறுபடி 65,536-ஆல் வகுத்தால் வரும் விசித்திர எண் அது. 80286-இன் பாதுகாப்பு முறைக்குத் தாவிய ஒரு கெர்னல் (இயக்குதளத்தின் மைய நிரல்), எண்களை மாற்றாமல் குறுக்கீடுகளைத் திறந்துவிட்டால், 55 மில்லிவிநாடிக்குள் இரட்டைப் பிழை என்ற சேதி வந்து நிற்கும். உண்மையில் கடிகாரம் ஒருமுறை தட்டியிருக்கும், அவ்வளவுதான். உண்மையான இரட்டைப் பிழை ஸ்டேக்கில் ஒரு பிழை எண்ணையும் சேர்த்து வைக்கும், கடிகாரம் வைக்காது. ஆகவே திரும்பிவரும் வழியும் குழம்பிப்போகும்.

5-ஆம் எண்ணின் கூத்து தனி. பட்டியலின் எல்லையைச் சோதிக்கும் புதுக் கட்டளை ஒன்றுக்கு இன்டெல் அந்த எண்ணைக் கொடுத்தது. பிசியின் டாஸ் இயக்குதளத்தில் அந்தச் சோதனை தோற்றால் பிரிண்டர் திரையை அச்சடிக்கும். அடித்து முடித்ததும் செயலி அதே கட்டளைக்குத் திரும்பும், அது மறுபடி தோற்கும், பிரிண்டர் மறுபடி அடிக்கும்.

1984-இல் ஏடி மாடல் வந்தபோது ஐபிஎம் இரண்டாவது 8259ஏ சிப்பைச் சேர்த்தது. புதுக் கம்பிகள் எட்டும் 112 முதல் 119 வரையான எண்களில் போய் உட்கார்ந்தன. அந்த இடத்தில் இன்டெலோடு சண்டையில்லை. பழைய எட்டை மட்டும் தொடவில்லை. தொட முடியாது. அதற்குள் டாஸ் நிரல்கள் பல 8-ஆம் எண்ணையும் 9-ஆம் எண்ணையும் நேரடியாகப் பிடித்து வைத்திருந்தன.

அதனால்தான் 386 செயலிக்குக் கெர்னல் எழுத உட்காருபவர் இன்றும் முதலில் இந்தப் பழுதைச் சரிசெய்கிறார். ஒவ்வொரு சிப்புக்கும் நான்கு கட்டளை பைட்டுகள் அனுப்பி, 16 கம்பிகளையும் 32-க்கு மேல் நகர்த்த வேண்டும். லினக்ஸ் 0.01-இல் ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவே ஒரு வேடிக்கை உண்டு: அடுத்த கட்டளைக்கே தாவும் தாவல்கள், ஒன்றுக்கு இரண்டாக. மெதுவான சிப் மூச்சுவிட்டுக்கொள்ளக் கொடுத்த அவகாசம் அது. தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்களில் 8085 கிட்டின் முன் உட்கார்ந்து ஆர்எஸ்டி 7.5, 6.5, 5.5 என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இந்த பைட்டுகள் பழைய உறவு. 8259 பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படித்தோம் என்று நினைத்தவர்களும் உண்டு.

நகர்த்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஹேண்ட்லரும் முடியும்போது, வேலை முடிந்தது என்று சிப்புக்குச் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் விசைப்பலகையில் தட்டிய முதல் எழுத்து திரையில் வரும், இரண்டாவது வரவே வராது. கெர்னல் எழுதப் பழகுகிறவர்களை இதைப் போல உட்கார வைத்த பிழைகள் குறைவு. இன்னொரு பக்கம், யாரும் தட்டாமலே 7-ஆம் கம்பி தட்டுவதுண்டு. ஒரு சாதனம் சைகை கொடுத்து, செயலி யாரது என்று கேட்பதற்குள் சைகையை விலக்கிக்கொண்டால், யாருமில்லை என்று சொல்ல சிப்பிடம் எண் கிடையாது. அதனால் 7 என்கிறது. நல்ல ஹேண்ட்லர், உண்மையிலேயே யாராவது வந்தார்களா என்று சிப்பின் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் நம்பும்.

வேகம் போதாமல் திணறிய இடம் சீரியல் போர்ட். முதல் பிசியின் 8250 சிப்பில், வந்த எழுத்து ஒன்றைத்தான் வைத்திருக்க முடியும். 9600 பாட் வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்து, அதாவது மில்லிவிநாடிக்குச் சுமார் ஒன்று. டிஸ்க்கிலிருந்து படிக்கும் நிரல் குறுக்கீடுகளை அடைத்துவிட்டு அந்த நேரத்தைத் தாண்டினால், அடுத்த எழுத்து முந்தைய எழுத்தின் மேல் ஏறிவிடும். மோடத்தில் இறக்கிய கோப்புகள் பழுதான கதைகளில் பல இப்படிப்பட்டவை. 16 எழுத்துகளை வரிசையில் நிறுத்திவைக்கும் 16550ஏ வந்த பிறகே நெருக்கடி தணிந்தது. லினக்ஸ் ஹேண்ட்லர்களை இரண்டாகப் பிளந்தது: எழுத்தை எடுத்து வைப்பது உடனே, அதை வைத்துச் செய்ய வேண்டியது குறுக்கீடுகளைத் திறந்த பின்.

வீட்டில் பிசி வைத்திருந்தவர்களுக்கு இதெல்லாம் ஐஆர்கியூ என்ற ஒரே தலைவலியாக வந்தது. சவுண்ட் பிளாஸ்டர் கார்டு 5-ஆம் கம்பியிலா 7-ஆம் கம்பியிலா என்று விளையாட்டின் செட்டப் நிரல் கேட்கும், ஜம்பரை மாற்றப் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய ஐஎஸ்ஏ பஸ்ஸில் இரண்டு கார்டுகள் ஒரே கம்பியைப் பகிர முடியாது, சைகை ஏறும் கணத்தை மட்டுமே சிப் கவனித்தது. ஐபிஎம் 1987-இல் பிஎஸ்/2-இல் இதை மாற்றியது. பரவலாக மாறியது பிசிஐ வந்த பிறகுதான்.

பிறகு ஏபிக் என்ற புது ஏற்பாடு 8259-இன் இடத்தைப் பிடித்தது. ஆனாலும் பழைய சிப்பின் நகலைப் புதிய சிப்செட்டுகள் தொடர்ந்து சுமந்தன. ஏபிக்கை மட்டும் பயன்படுத்த நினைக்கும் கெர்னலும் முதலில் அந்த நகலை 32-க்கு மேல் நகர்த்திவிட்டு, பிறகு எல்லாக் கம்பிகளையும் அடைக்கிறது. அடைத்த பிறகும் போலியாக ஒரு 7 வந்துவிட்டால், நகர்த்தாத கணினியில் அது 15-ஆம் எண்ணாக, இன்டெல் ஒதுக்கிவைத்த பகுதிக்குள்தான் வந்து விழும்.